சண்டைமீனும் மதிப்பிடும் கண்ணும்

ஒரு பொருளை நன்று என்றோ தீது என்றோ சொல்வதற்கு முன், எந்த அளவுகோலைக் கொண்டு அளக்கிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மதிப்பீட்டியல் படித்த காலத்தில் இதனைப் பாடமாகக் கேட்டேன். பின்னர்ப் பல்லாண்டுகள் பிறருக்கும் எடுத்துச் சொன்னேன். ஆயினும், அதன் முழுப் பொருளையும் எனக்கு உணர்த்தியவை ஒரு கண்ணாடிப் புட்டியும் அதனுள் நீந்திய இரண்டங்குல மீனும் ஆகும்.

நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி ரெம்பாவ் வட்டாரத்தில் உள்ளது. ஒரு நாள் காலை, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அலுவலக வாயிலில் தயங்கி நின்றான். வகுப்பில் வாய்திறவாதவன், தேர்ச்சிப் பட்டியலில் கடைசி வரிகளில் தன் பெயரைக் கண்டு பழகியவன். கையில் மூடியில் துளையிட்ட புட்டி ஒன்றை ஏந்தியிருந்தான். "ஐயா, இந்த மீன் போட்டிக்குப் போகுமா?" என்று கேட்டான். சிரம்பானில் நடைபெறவிருந்த வண்ணமீன் கண்காட்சி ஒன்றைப் பற்றி யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அனுப்ப மனம் வராமல், ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டது. சண்டைமீனின் தரத்தை அறியப் புகுந்தவன், ஒரு நீண்ட வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன். அதனையே ஈண்டு எழுதுகிறேன்.

நம் தோட்டத்து அளவுகோல்

ரெம்பாவ், நெகிரி செம்பிலானின் பழம்பெரும் உண்டாங் ஆட்சிப் பகுதிகள் நான்கனுள் ஒன்று. தாய்வழி உரிமையைப் போற்றும் பெர்ப்பாத்தே மரபு வேரூன்றிய மண். மலாய்க் கம்பங்களைச் சுற்றி நெல்வயல்களும், மேட்டு நிலங்களில் கித்தாத் தோட்டங்களும் இருந்தன. லிங்கி ஆற்றில் கலக்கும் ரெம்பாவ் ஆறும், அதனை நோக்கி இறங்கும் சிற்றோடைகளும், வயல் வாய்க்கால்களும், லயங்களின் பின்னே ஓடிய கால்வாய்களும் எங்கள் தலைமுறைச் சிறுவர்களுக்கு விளையாட்டுத் திடல்களாக விளங்கின.

1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சண்டைமீன் புதியதன்று. மலாய் நண்பர்கள் அதனை 'இக்கான் லாகா' என்பர். பெற்றோர் பால்மரம் வெட்டச் சென்ற பின், உடைந்த மங்குடன் கால்வாயில் இறங்கிப் புல்லடியில் கைவைத்துத் துழாவுவோம். நுரைக்குமிழ்கள் திரண்டு மிதக்கும் இடத்தின் கீழே ஆண்மீன் காவலிருக்கும். அதனைப் பிடித்து ஆர்லிக்ஸ் புட்டியில் இட்டு, இரண்டு புட்டிகளை அருகருகே வைத்து, நடுவே ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் அட்டையைச் சொருகுவோம். அட்டையை எடுத்ததும் இரு மீன்களும் செவுளை விரித்துச் சினந்து நிற்கும்.

அந்நாளில் எங்களுக்கு இருந்த அளவுகோல் ஒன்றே: எந்த மீன் பின்வாங்கவில்லையோ, அதுவே நல்ல மீன். அதன் நிறத்தையும் வாலின் வடிவத்தையும் யாரும் நோக்கியதில்லை. இரண்டையும் ஒரே புட்டியில் விட்ட நாள்களும் உண்டு. துடுப்பு கிழிந்து ஒதுங்கிய மீனை மீண்டும் கால்வாயில் வீசிவிடுவோம். இன்று நினைக்கையில் நெஞ்சு உறுத்துகிறது.

பெயரில் நேர்ந்த பிழை

இம்மீன் அறிவியல் ஏட்டில் இடம்பெற்ற கதை சுவையானது. தியோடர் கேன்டர் என்பார் டென்மார்க்கு நாட்டவர். கிழக்கிந்தியக் கும்பினியின் வங்காள மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர். பினாங்கிலும் இருந்து மலாயாவின் மீன்களை ஆராய்ந்தவர். 1840ஆம் ஆண்டில் சயாம் மன்னர் தம் மீன்களிற் சிலவற்றை ஒருவருக்கு அளிக்க, அவர் அவற்றைக் கேன்டருக்குத் தந்தார் என்பது வழங்கிவரும் செய்தி. 1849ஆம் ஆண்டில் மலாயா மீன்களைப் பற்றிக் கேன்டர் எழுதிய பட்டியல் வெளிவந்தது. அதில் பினாங்கு ஓடைகளில் வாழ்ந்த மீனுக்குப் 'பக்னாக்ஸ்' எனப் பெயரிட்டார். 'போர்க்குணம் உடையது' என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். சயாமியர் வளர்த்த சண்டைமீனையும் அதன் ஒரு வகையாகவே அவர் கருதினார்.

ஆனால், பினாங்கு ஓடை மீன் வேறு, சயாமியச் சண்டைமீன் வேறு என்பது பின்னரே புலப்பட்டது. 1910ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த மீனியல் அறிஞர் சார்லசு டேட் ரீகன் இப்பிழையைக் களைந்து, சயாமிய மீனுக்குப் 'பெட்டா சிபிலெண்டன்சு' என்னும் பெயரைச் சூட்டினார். 'ஒளிமிக்க பெட்டா' என அதனைத் தமிழில் சொல்லலாம். பெட்டா என்பது சாவகத் தீவில் மக்கள் வழங்கிய பெயரிலிருந்து டச்சு அறிஞர் பிளீக்கர் 1850ஆம் ஆண்டில் எடுத்துக்கொண்ட இனப்பெயர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'போர்க்குணம் உடையது' என்னும் பட்டத்தைச் சுமக்கும் பினாங்கு மீன் நுரைக்கூடு கட்டிப் போராடும் மீனன்று. காட்டோடைகளில் ஒதுங்கி வாழ்வது. தந்தை மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே அடைகாக்கும். குஞ்சுகள் வெளிவரும்வரை பசி பொறுத்திருக்கும் அத்தகைய தந்தைக்குப் போர்வீரன் என்று பெயர்! 1975ஆம் ஆண்டில் இலாடிகெசு என்னும் செருமானிய அறிஞர் கோலாலம்பூர்ப் பகுதியிலிருந்து கிடைத்த வேறொரு மீனை விளக்கி எழுதி, அதற்கு 'இம்பெல்லிசு' எனப் பெயரிட்டார். 'போர் விரும்பாதது' என்பது அதன் பொருள். தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில் வயல்களிலும் வாய்க்கால்களிலும் நுரைக்கூடு கட்டி வாழ்வது இந்த மீனே. ஆனால் இதன் ஆண்களும் செவுள் விரித்து எதிர்த்து நிற்கும். பெயரிடுவதும் ஒருவகை மதிப்பீடே ஆகும். முதலில் பார்த்தவர் அவசரமாக எழுதிய ஒரு சொல், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வுயிரின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பிள்ளையைக் குறித்து ஒரு சொல் எழுதும் ஆசிரியர்கள் இதனை நினைவில் கொள்ளல் நன்று.

தமிழகத்து உறவினர்

சண்டைமீன் தமிழர்க்கு முற்றிலும் அயலானது அன்று. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக அமைந்த தனி உறுப்பொன்றால் காற்றை நேரே உட்கொள்ளும் மீன்கள் ஒரு பெருங்குழு. சேறும் தேங்கிய நீரும் அவற்றுக்குப் போதும். நம் நாட்டுப் பனையேறிக் கெண்டை அக்குழுவைச் சேர்ந்தது. தரங்கம்பாடியில் டேனியக் கும்பினியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் அதிகாரி, 1791ஆம் ஆண்டில் நீர்மட்டத்திற்கு ஐந்தடி உயரத்தில் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீன் ஒன்றைப் பிடித்ததாக எழுதினார். 1797ஆம் ஆண்டில் அச்செய்தி இலண்டனில் உள்ள லின்னேயன் கழகத்தை எட்டியது. அந்த மீன் உண்மையிலேயே ஏறியதா, பறவை கொண்டுபோய் இட்டதா என்பது பின்னர் வாதத்துக்கு உரியதாயிற்று. எனினும், 'பனையேறி' என்னும் நம் மக்களின் சொல் அதற்கும் முந்தியே கிராமங்களில் வழங்கியிருத்தல் கூடும்.

அதனினும் நெருங்கிய உறவினர் ஒன்று உண்டு. 1831ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் குவியே சிறு மீன் ஒன்றை விளக்கி, அதற்குக் 'குப்பானசு' எனப் பெயரிட்டார். புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்தமையால் வந்த பெயர் அது. நம் குப்பம் இலத்தீன் உடை உடுத்து உலக ஏட்டில் ஏறிவிட்டது. அந்த மீனும் நுரைக்கூடு கட்டும். ஆண்மீன் முட்டைகளைக் காக்கும். ஆனால் அதனை யாரும் பந்தயத்துக்கு வளர்க்கவில்லை. ஆதலின் அதன் துடுப்பு அன்று இருந்தபடியே இன்றும் சிறிதாக இருக்கிறது. ஓர் உயிர் மனிதனின் ஆசைக்கு ஆளாகும்போது எவ்வளவு மாறும், ஆளாகாதபோது எவ்வாறு இருக்கும் என்பதற்கு இவ்விரண்டு மீன்களும் தக்க சான்றுகள்.

சேவலும் மீனும்

சயாமில் மீன்போர் அரசு வருவாய்க்கே வழிவகுத்தது. மூன்றாம் இராமர் ஆட்சிக்காலத்தில் மீன்போர் நடத்தும் உரிமம் குத்தகைக்கு விடப்பட்டது என்றும், பந்தயத்தில் பெரும்பணத்தை மட்டுமன்றித் தம்மையும் தம் குடும்பத்தையுமே பணயம் வைத்தவர்கள் இருந்தனர் என்றும் கேன்டர் குறித்துள்ளார். மலாய்க்காரர் சேவற்போரில் கொண்ட வேட்கையைச் சயாமியர் மீன்போரில் கொண்டனர் என்பது அவர் செய்த ஒப்பீடு.

1923 முதல் 1935 வரை சயாம் அரசின் மீன்வள அறிவுரைஞராக இருந்தவர் அமெரிக்கரான இயூ சிமித்து. காட்டு மீன்கள் சிறிது நேரமே மோதி விலகிவிடும் என்பதும், வளர்ப்பு மீன்கள் மணிக்கணக்கில் போராடும் என்பதும் அவர் போன்றோர் எழுதியவற்றால் தெரிகின்றன. இயற்கையில் தோற்றவன் விலகி ஓட இடம் உண்டு. புட்டியில் அந்த இடம் இல்லை. விலகாத மீனையே தெரிந்தெடுத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தமையால், விலகாமையே இனத்தின் இயல்பாகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, குறைந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மீன் மனிதர் வளர்ப்புக்கு உள்ளாயிற்று என்று காட்டியது. ஆகவே, நாம் காணும் சண்டைமீன் ஆயிரம் ஆண்டுத் தேர்வுகளின் விளைவு.

தமிழர் வரலாற்றில் இந்த இடத்தைப் பெற்றது சேவல். ஒரு சேவல் யானையை எதிர்த்து வென்ற இடம் என்னும் பழங்கதையால் உறையூர் 'கோழி' எனப் பெயர் பெற்றது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. முகையூர் மேற்சேரியின் சார்பில் போரிட்ட சேவலுக்கு எடுத்த கல் அது. அதன்மேல் சேவலின் உருவமும் எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளன. மனிதனுக்கு எடுத்த கல்லை ஒரு பறவைக்கும் எடுத்த மரபு நம்முடையது.

அந்தச் சேவலின் வழித்தோன்றல்கள் இன்று என்னவாயின? கிளிமூக்கு விசிறிவால் என்னும் சேவல் வகை தமிழகத்தில் பெயர்பெற்றது. அதன் கண்காட்சிகளில் இப்போது அலகின் வளைவையும், வாலின் நீளத்தையும், நிமிர்ந்த நிலையையும் நோக்கிப் பரிசளிக்கிறார்கள். களத்தில் நின்ற பறவை மேடைக்கு வந்துவிட்டது. சண்டைமீனுக்கும் இதுவே நிகழ்ந்தது. மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குகளை மோதவிடுதலைக் குற்றமாக்கிய பின்னர், மேடை ஒன்றே நன்னெறிக்கு ஏற்ற வழியாயிற்று.

களத்திலிருந்து மேடைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மீன் ஐரோப்பாவை அடைந்தது. அங்கே அதனைப் போருக்காக யாரும் வாங்கவில்லை. கண்ணுக்கு விருந்தாகவே வாங்கினர். எனவே, வளர்ப்போர் தேர்ந்தெடுக்கும் பண்பு மாறியது. 1927ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிராங்கு லாக்கு என்பார் இறக்குமதி செய்த மீன்களில் வெளிறிய உடலும் சிவந்த துடுப்பும் கொண்டவை இருந்தன. அவை புதிய இனம் என்றே அவர் கருதினார். உண்மையில் அது வளர்ப்பில் தோன்றிய நிறவேறுபாடே; இன்றும் 'கம்போடியா வண்ணம்' என வழங்குகிறது.

1930களில் மரபியல் அறிஞர்கள் இதன் நிறங்களை ஆராயத் தொடங்கினர். நீலநிறத்தின் விதி மாணவர்க்குச் சொல்லத் தக்கது. எஃகு நீல மீனையும் பசுநீல மீனையும் இணைத்தால், குஞ்சுகள் அனைத்தும் அடர்நீலமாகப் பிறக்கும். அடர்நீல மீன்கள் இரண்டை இணைத்தாலோ, பாதியே அடர்நீலமாக அமையும். கால்பங்கு எஃகு நீலமாகவும் கால்பங்கு பசுநீலமாகவும் பிரிந்துவிடும். மேடையில் முதற்பரிசு பெறும் அடர்நீல மீன் தன் நிறத்தை முழுமையாகத் தன் மக்களுக்குத் தர இயலாது. பரிசுக்குரிய மீன் வேறு, வளர்ப்புக்குரிய மீன் வேறு என்று பயின்றோர் கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1960ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் நியூசெர்சியில் வாரன் யங் என்பார் நீண்டு தொங்கும் துடுப்புடைய மீன்களை உருவாக்கிப் புகழ்பெற்றார். 1960களின் நடுப்பகுதியில் பன்னாட்டுப் பெட்டா கழகம் தோன்றியது. மரபியலறிஞர் சீன் லூக்கசு அதன் வளர்ச்சிக்கு உழைத்தோருள் ஒருவர். தரத்துக்கான வரையறைகள் எழுத்தில் அமைந்தது அக்கழகத்தினால்தான்.

1980களிலும் 1990களிலும் வால் முழு அரைவட்டமாக விரிய வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது. பிரான்சு நாட்டுக் கை தெலவால், லோரான் செனோ ஆகியோரும், சுவிட்சர்லாந்தின் இராசீவ் மாசிலாமணியும் இதற்குப் பெரிதும் உழைத்தனர். மாசிலாமணி என்னும் பெயர் நம் செவிக்கு எவ்வளவு பழகியது! அவர்களும் அமெரிக்க வளர்ப்பாளர்களும் முயன்றதன் பயனாக 'அரைமதி வால்' நிலைபெற்றது. 1997ஆம் ஆண்டில் இந்தோனேசியத் தலைநகர் சகார்த்தாவின் சிலிப்பிப் பகுதியில் துடுப்புக் கதிர்கள் மணிமுடிபோல் நீண்டு நிற்கும் 'மகுட வால்' மீன் தோன்றியது. 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு சண்டைமீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. போர்க்கருவியாக இருந்த உயிர் ஒரு நாட்டின் சின்னமாயிற்று.

தரம் அறியும் முறை

இனி, மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரு சண்டைமீன் மேடைக்குத் தகுமா என்பதை எவ்வாறு அறிவது? பன்னாட்டு வரையறைகளின் சாரத்தைப் படிப்படியாகக் கூறுகிறேன்.

முதலாவது, எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்தல். அரைமதி வால், மகுட வால், இரட்டை வால், குறுந்துடுப்பு எனப் பிரிவுகள் உண்டு. குறுந்துடுப்பு மீனைப் 'பிளாக்காட்' என்பர். தாய் மொழியில் அது 'கடிக்கும் மீன்' எனப் பொருள்படும். ஒவ்வொரு வகுப்புக்கும் தனி இலக்கணம் உண்டு. ஒன்றன் இலக்கணத்தால் மற்றொன்றை அளத்தல் தவறு.

இரண்டாவது, உடல்நலம். கண்ணில் மங்கல், துடுப்பில் கிழிசல் அல்லது ஊசித்துளை, செதில் உதிர்தல், வயிறு வீங்குதல் ஆகியவை இருக்கலாகா. எத்துணை அழகிய மீனாயினும் நோயுற்றதாயின் மேடைக்குத் தகாது.

மூன்றாவது, சுறுசுறுப்பு. கண்காட்சியில் புட்டிகளுக்கிடையே அட்டை வைத்திருப்பர். அதனை எடுத்ததும் அண்டை மீனைக் கண்டு செவுள் மூடிகளை அகல விரித்து, எல்லாத் துடுப்புகளையும் நிமிர்த்தி நிற்க வேண்டும். மூலையில் ஒடுங்கும் மீன் மதிப்பெண் இழக்கும். எங்கள் லயத்துச் சிறுவர் செய்த அதே செயலை உலக நடுவர்களும் செய்கிறார்கள். வேறுபாடு என்னவெனில், அவர்கள் அட்டையை மட்டும் எடுக்கிறார்கள். மீன்களை ஒன்றாக விடுவதில்லை.

நான்காவது, உடலமைப்பு. தலையிலிருந்து முதுகுத் துடுப்பு வரை செல்லும் கோடு சீராக வளைந்து செல்ல வேண்டும். கூன் விழுந்திருத்தலும் நெற்றி கரண்டிபோல் குழிந்திருத்தலும் குற்றங்கள். வாலின் அடிப்பகுதி, பெரிய துடுப்பைத் தாங்குமாறு பருத்திருத்தல் வேண்டும்.

ஐந்தாவது, துடுப்புகளின் வடிவமும் பொருத்தமும். அரைமதி வால் மீன் செவுள் விரித்து நிற்கும்போது, வாலின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் சேர்ந்து 180 பாகை அமைய வேண்டும். மாணவரின் கணிதப் பெட்டியில் உள்ள பாகைமானியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஓரங்கள் நேராகவும் மூலைகள் கூராகவும் இருத்தல் வேண்டும். பாகைமானியை விரித்த வாலின் அடியில் வைத்தால், அதன் நேர்க்கோட்டிலேயே வாலின் ஓரங்கள் படிய வேண்டும். முதுகுத் துடுப்பு, வால், அடித்துடுப்பு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டும். இடையே வெற்றிடம் தோன்றலாகாது. இடுப்புத் துடுப்புகள் இரண்டும் ஒரே நீளமாய்க் கத்தியலகு போல் இறங்க வேண்டும். மகுட வாலாயின், கதிர்களுக்கு இடையேயுள்ள சவ்வு கதிரின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் குறைந்திருக்க வேண்டும். அக்குறைவு எல்லாத் துடுப்புகளிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஆறாவது, நிறம். ஒருநிற மீனாயின் உடலிலும் துடுப்பிலும் நிறம் ஒன்றாகவே இருக்க வேண்டும். சிவப்பு மீனில் நீலத்தின் மினுக்கம் தோன்றுதல் குற்றம். பட்டாம்பூச்சி வகையாயின், துடுப்பின் நடுவே நிறம் தெளிவாகப் பிரிய வேண்டும். பாதிக்குப் பாதி அமைதல் சிறப்பு.

குற்றங்களையும் சிறியது, நடுத்தரமானது, பெரியது, கடுமையானது எனத் தரம்பிரிப்பர். அவற்றுக்கு அப்பால், தகுதியே இழக்கச் செய்யும் குற்றங்களும் உண்டு. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று. தேர்ந்த நடுவர் ஒரு மீனைப் பக்கத்து மீனோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. எழுத்தில் உள்ள இலக்கணத்தோடு ஒப்பிட்டுக் குறைகளைக் குறித்துக்கொண்டு, பின்னரே வரிசைப்படுத்துவார். இம்முறை நாம் பயிற்சிக் கல்லூரியில் கற்ற மதிப்பீட்டு நெறியேயாகும்.

அழகின் விலை

இலக்கணத்தை இறுகப் பிடித்தமையால் நேர்ந்த கேடுகளும் வரலாற்றில் உள. வால்கதிர்கள் மேன்மேலும் கிளைக்க வேண்டும் என விழைந்து வளர்த்ததில், ரோசாமலர்போல் மடிந்து மடிந்து குவியும் வால் தோன்றியது. காண்பதற்கு எழில்மிக்கது, ஆனால் அம்மீன் தன் துடுப்பின் சுமையால் நீந்த இயலாது தளர்கிறது. சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக் குறைத்துக்கொள்கின்றன. அளவுமீறிய கிளைத்தலை நடுவர்களே குற்றமாகக் கருத வேண்டிய நிலை வந்தது. தடித்த வெண்செதில் கவசம்போல் மூடும் வகை ஒன்று விரும்பி வளர்க்கப்பட்டது. அவற்றுள் சிலவற்றில் செதில் கண்ணின் மேலும் படர்ந்து பார்வையை மறைக்கிறது. இரட்டை வால் மீன்களில் உடல் குறுகி முதுகெலும்பு வளைதலும் காணப்படுகிறது.

நடுவர் எதற்கு மதிப்பெண் தருகிறாரோ, அதுவே அடுத்த தலைமுறையில் பெருகும். எதற்கு மதிப்பெண் இல்லையோ, அது தேய்ந்து போகும். 1988ஆம் ஆண்டு முதல் நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எசு.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுகளில், எத்தனை பிள்ளைகள் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றனர் என்பதைக் கொண்டே பள்ளிகளை அளந்தோம். அந்த எண்ணிக்கைக்காக நாம் எதையெதைத் துறந்தோம் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளலாம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த மாணவனின் மீன்

பல மாதங்களுக்குப் பின் அவனை அழைத்தேன். கண்காட்சி அதற்குள் முடிந்துவிட்டது. அதற்காக மன்னிப்புக் கேட்டேன். இருவரும் புட்டியை மேசைமேல் வைத்து, ஒரு சிறு கண்ணாடியை அதன்முன் காட்டினோம். மீன் செவுளை விரித்தது. பழுப்புடலில் பச்சையும் நீலமும் கலந்த ஒளி, வட்டமான சிறு வால், கருத்த ஓரம். பாகைமானியை வைத்துப் பார்த்தால் 180 பாகைக்கு வெகு தொலைவு. அரைமதி வகுப்பில் இதற்கு இடமே இல்லை. கடையில் வாங்கிய மீனன்று. செம்பனைத் தோட்டத்து ஓரக் கால்வாயில் அவன் பிடித்தது. எங்கள் சிறுவயதுக் கால்வாய்களில் கண்ட அதே உள்நாட்டு மீன் என்று என் மனம் சொல்லியது.

"உன் மீன் அந்தப் போட்டிக்குரியது அன்று" என்றேன். அவன் முகம் வாடியது. "அந்த இலக்கணம் வேறு மீனுக்கு எழுதியது. இதற்குரிய இலக்கணத்தில் பார்த்தால், இதில் ஒரு குறையும் நான் காணவில்லை" என்றேன். உலகக் கண்காட்சிகளில் காட்டுவகை மீன்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு என்பதையும், அங்கே இயற்கைத் தோற்றம் மாறாதிருத்தலே சிறப்பு என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

பிறகு அவன் தன் பையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்தான். அம்மீன் நாள்தோறும் என்ன உண்டது, எப்போது நுரைக்கூடு கட்டியது, காய்ந்த கெத்தாப்பாங் இலையை நீரில் இட்டபோது நிறம் எவ்வாறு மாறியது என்றெல்லாம் படத்துடன் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகள் இருந்தன. ஆனால் ஒரு நாள்கூட விடுபடவில்லை. நான்கு ஆண்டுகளாக எங்கள் தேர்ச்சிப் பட்டியல் ஒருமுறையும் கேட்காத கேள்விக்கு அவன் விடை எழுதி வைத்திருந்தான்.

அந்தக் கால்வாயின் ஒரு பகுதியில் இப்போது காரைப் பலகை இட்டுவிட்டனர். லயங்கள் மறைந்தன, கித்தா மரங்கள் இருந்த இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. எஞ்சியுள்ள நீரில் இந்த மீன் இன்னும் வாழ்கிறது. கடையில் வாங்கும் வண்ணமீன்களை வளர்க்கச் சலித்துக் கால்வாயில் விட்டால், அவை உள்நாட்டு மீனோடு கலந்து அதன் இயல்பைக் கெடுத்துவிடும். ஆதலின் அவ்வாறு விடலாகாது என மாணவர்க்கு அறிவுறுத்துதல் நம் கடமை.

நானும் அவனும் அந்த மீனைப் பிடித்த இடத்திலேயே விட்டுவந்தோம். மறுவாரம் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடவேளையில், அவன் வகுப்பின் முன் நின்று அப்பயிற்சிப் புத்தகத்தைப் படித்துக்காட்டினான். குரல் மெலிதாக இருந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் கேட்பதற்காக எழுந்து முன்னே வந்து அமர்ந்தனர்.